அமைச்சர் இல்லாத துக்கம்

2024 நவம்பர் 18ஆம் திகதி, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் புதிய அமைச்சரவை பதவியேற்ற அன்று, நான் இறக்காமத்தில் இருந்தேன். பெரும்போக விதைப்பு முடிந்து கண்டங்கள் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்த நேரம். மழை விட்ட இடைவெளியில் சந்தித் தேநீர்க் கடையில் ஒரு பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு அமர்ந்தேன். எதிர் மேசையில் நாலைந்து பேர் கைத்தொலைபேசியில் அமைச்சர்களின் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தனர். 21 பெயர்கள். அவற்றில் ஒரு முஸ்லிம் பெயரும் இல்லை.

"பாத்தீங்களா காக்கா, நமக்கெண்டு ஒரு மந்திரிகூட இல்ல. அஷ்ரப் சேர் இருந்திருந்தா இப்பிடி நடக்குமா?" என்று ஓர் இளைஞர் என்னைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். அதாவது அஷ்ரப் மரணித்த பிறகு பிறந்தவர்.

மையித்து வீட்டில் தெரிகின்ற சோகம் அந்தக் கடையில் தெரிந்தது. அதற்குப் பின்னர் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும், ஏன் இலண்டனிலும் டோஹாவிலும் இருந்து எனக்கு எழுதிய நண்பர்களிடமும் அதே துக்கத்தைக் கண்டேன். 21 பேரில் ஒரு முஸ்லிமுக்கும் இடமில்லாமற் போனது கண்டிக்கத்தக்க குறையே; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் துக்கத்தை அஷ்ரபின் பெயரால் கொண்டாடுவது அஷ்ரபின் அரசியல் வாழ்க்கையையே அறியாத செயல் என்பதுதான் நான் இங்கு சொல்ல வருவது. அறியாத குற்றம் அந்த இளைஞருடையதன்று. அதில் பெரும் பங்கு அரசியல்வாதிகளுடையது. மீதி எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுடையது.

ஆண்டுதோறும் செப்டெம்பர் 16 வந்தால் நாங்கள் விசேட மலர் போடுவோம். 'பெருந்தலைவர்', 'மாமனிதர்', 'சமூகத்தின் விடிவெள்ளி' என்று தலைப்புகள். அருகில், அவருடைய மறைவுக்குப் பின் அவருடைய கட்சியை நான்காகவும் ஐந்தாகவும் பிளந்தவர்களின் அனுதாப விளம்பரங்கள், அவர்களின் புன்னகை பூத்த படங்களோடு. விளம்பரப் பணத்தில் மலர் அச்சாகும். நானும் அந்த மலர்களில் எழுதியிருக்கிறேன். மூன்று முறை தலையங்கமே எழுதியிருக்கிறேன். ஆகவே இதை எழுதும்போது நான் கண்ணாடியின் முன்னால் நின்றுதான் எழுதுகிறேன்.

எம்.எச்.எம். அஷ்ரப் 1948 ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்து கல்முனைக்குடியில் வளர்ந்தவர். கல்முனை வெஸ்லியில் கற்று, சட்டக் கல்லூரிக்குச் சென்று சட்டத்தரணியானவர். 1970களின் நடுப்பகுதியில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1977 தேர்தலில் அந்த முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு கண்டு, உதயசூரியன் சின்னத்தில் முஸ்லிம் வேட்பாளர்களை நிறுத்தியது. முஸ்லிம் மேடைகளில் தமிழீழத்தை ஆதரித்துப் பேசிய இளைஞர் அவர். அவ்வேட்பாளர்களில் ஒருவரேனும் வெல்லவில்லை. இந்த அத்தியாயத்தை எங்கள் விசேட மலர்கள் இரண்டு வரிகளில் தாண்டிவிடும். சில மலர்கள் தாண்டக்கூட மாட்டா, விட்டுவிடும்.

1981இல் காத்தான்குடியில் முளைத்த முஸ்லிம் காங்கிரஸ் ஆரம்பத்தில் ஒரு பிராந்திய அமைப்பு மட்டுமே. அதை 1986இல் கொழும்பில் அரசியற் கட்சியாகப் பிரகடனம் செய்து, 1988இன் தொடக்கத்தில் தேர்தல் ஆணையாளரின் அங்கீகாரத்தையும் பெற்றெடுத்தவர் அஷ்ரப். அந்த ஆண்டு நவம்பரில் வடக்கு - கிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. இந்திய அமைதிப்படை வீதியில் நின்ற காலம். 71 ஆசனங்களில் 17ஐ முஸ்லிம் காங்கிரஸ் வென்று எதிர்க்கட்சியானது. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. ஓராண்டுகூட வயதாகாத அங்கீகாரம், ஒரு மரச் சின்னம், துப்பாக்கிகளுக்கு நடுவே 17 ஆசனம்.

இனி வருவதுதான் அந்த இளைஞருக்கு யாரும் சொல்லாத கதை. 1988 டிசம்பர் 19இல் ஜனாதிபதித் தேர்தல். பிரதமராக இருந்த ரணசிங்க பிரேமதாச ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர். போட்டி கடுமையாக இருந்தது. முஸ்லிம் காங்கிரஸின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. அப்போது அஷ்ரப் அமைச்சரல்லர், பாராளுமன்ற உறுப்பினருமல்லர். ஒரு கட்சித் தலைவர், அவ்வளவுதான். அவர் தனக்கோ தன் ஆட்களுக்கோ பதவி கேட்டிருக்கலாம். அவர் கேட்டது அரசியலமைப்பில் ஒரு எண்ணை மாற்றும்படி.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கைப் பெறாத கட்சிக்கு, அதாவது 12.5 வீதத்தைத் தொடாத கட்சிக்கு, அங்கே ஆசனமே கிடையாது. நாடெங்கும் சிதறி வாழும் ஒரு சமூகத்துக்கு இந்த வெட்டுப்புள்ளி கழுத்தில் விழுந்த கத்தி. அதை இருபதில் ஒரு பங்காக, 5 வீதமாகக் குறைக்கும் 15ஆவது திருத்தம், வாக்களிப்புக்கு ஒருசில நாட்களுக்கு முன்னர் நிறைவேறியது. பிரேமதாச வென்றார். மறு ஆண்டு பொதுத்தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் நான்கு ஆசனங்களோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. 1994 வரை அஷ்ரப் எதிர்க்கட்சி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

இந்தத் திருத்தத்தின் பயன் முஸ்லிம்களோடு நிற்கவில்லை. மலையகக் கட்சிகளுக்கும் தெற்கின் சிறு கட்சிகளுக்கும் அது வாசல் திறந்தது. 2020 பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தி கொழும்பு மாவட்டத்தில் பெற்றது 6 வீதத்துக்கும் குறைவு. ஓர் ஆசனம் கிடைத்தது. அந்த ஆசனத்தில் அமர்ந்தவர் அநுர குமார திசாநாயக்க. பழைய வெட்டுப்புள்ளி இருந்திருக்குமானால் அந்த ஆசனம் அவருக்கு வாய்த்திராது. இன்றைய ஜனாதிபதி 2020இல் பாராளுமன்றத்துக்குள் நடந்து சென்ற வாசல், 1988இல் கல்முனைச் சட்டத்தரணி ஒருவர் பேரம் பேசித் திறந்த வாசல்தான். தமக்கொரு அமைச்சர் இல்லையே என்று அழுகிறவர்கள் முதலில் இதைச் சொல்லிக் காட்டியிருக்க வேண்டாமா?

அஷ்ரபுடைய அரசியலின் மிகப் பெரிய சாதனை அமைச்சுப் பதவியால் கிடைத்ததன்று. பதவியே இல்லாத காலத்தில் கிடைத்தது.

அப்படியானால் அமைச்சுப் பதவியால் எதுவுமே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. 1994 ஆகஸ்ட் தேர்தலில் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். 225 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 113 தேவை. முஸ்லிம் காங்கிரஸின் ஏழும், நுவரெலியாவில் சுயேச்சையாக வென்ற ஒன்றும் சேர்ந்தபோதுதான் சந்திரிகாவின் அரசாங்கம் பிறந்தது. அஷ்ரப் கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானார். தேர்தலுக்கு முன்னரே உடன்படிக்கை எழுதியாகிவிட்டது. அதில் என்ன வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. எத்தனை ஆசனத்தால் அரசாங்கம் நிற்கிறது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

அதன் விளைவாக 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1996 மே மாதம் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. யுத்தத்தால் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிக்க முடியாமற் போன பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால்தான் ஒலுவிலில் எழுந்த அந்தக் கட்டடங்களின் அருமை விளங்கும். என்னுடைய மருமகள் ஒருத்தி அங்கேதான் பட்டம் பெற்றாள். அவளுடைய உம்மா பள்ளிக்கூடத்துக்கே ஐந்தாம் வகுப்போடு முழுக்குப் போட்டவர். ஆகவே அஷ்ரபை நான் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம்.

ஆனால் குறை இல்லாதவராக்கவும் மாட்டேன். துறைமுகத்தில் எங்கள் பகுதி இளைஞர் பலருக்கு அவர் காலத்தில் வேலை கிடைத்தது. நல்லதுதான். ஆனால் அந்த வேலை ஓர் அமைச்சரின் கடிதத்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அப்போதுதான் எங்கள் ஊர்களில் வேரோடியது. பரீட்சைக்குப் படிப்பதைவிடப் போராளியாக இருந்து சுவரொட்டி ஒட்டுவது இலாபம் என்று பிள்ளைகள் கணக்குப் பார்த்தார்கள். (கட்சித் தொண்டனை 'போராளி' என்று அழைக்கும் வழக்கத்தை வெளிநாட்டு வாசகர்கள் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம், இங்கே போராளியின் ஆயுதம் பசை வாளி.) கட்சியின் சகல கயிறுகளும் ஒருவருடைய கையில் இருந்தன. அந்தக் கை இல்லாமற் போனால் என்னவாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் துரோகிகளாயினர். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளைக் கொண்ட தென்கிழக்கு அலகு பற்றி ஆறாண்டுகள் அமைச்சரவையில் இருந்தபடி பேசினார், அது வரவில்லை. யுத்தத்துக்கான அவசரகாலச் சட்ட நீடிப்புகளுக்குக் கை உயர்த்திய அரசாங்கத்தில் அவரும் இருந்தார். இவற்றையெல்லாம் அவர் உயிரோடிருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். அப்போது நான் எழுதவில்லை.

தன்னுடைய கட்சியின் எல்லையை அவரே உணர்ந்திருந்தார் என்பதற்குச் சாட்சி, 1999இல் அவர் தொடங்கிய தேசிய ஐக்கிய முன்னணி. புறாச் சின்னம், எல்லா இனத்தவருக்கும் இடம். அதே ஆண்டில் தீகவாபி விவகாரத்தில் கங்கொடவில சோம தேரருடன் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்தார். சிங்கள மக்களின் முன்னால் போய், அவர்களுடைய மொழியில், தன் தரப்பைச் சொல்லத் துணிந்தார். அதே ஆண்டில் 'நான் எனும் நீ' என்ற கவிதைத் தொகுதியையும் வெளியிட்டார். பதவியைத் தாண்டி ஏதோ ஒன்றைத் தேடிய மனிதராகவே கடைசிக் காலத்து அஷ்ரப் எனக்குத் தெரிகிறார்.

2000 செப்டெம்பர் 16, சனிக்கிழமை. கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் புறப்பட்ட ஹெலிகொப்டர் அரநாயக்க, ஊரகந்தை மலையில் வீழ்ந்தது. செய்தி மேசையில் தொலைபேசி ஓயவில்லை. இறக்காமத்திலிருந்து என் மூத்தப்பா, வாழ்நாளில் முதற்தடவையாக, தபாற்கந்தோர் தொலைபேசியில் என்னை அழைத்துக் கேட்டார்: "மெய்யாடா மனே?" நான் பதில் சொல்லவில்லை. உறுதிப்படுத்தாத செய்தியைச் சொல்லக்கூடாதென்பது எங்கள் தொழில் விதி என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வாய் வரவில்லை.

அந்த விபத்தை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை மக்கள் முன் முழுமையாக வைக்கப்படவே இல்லை. அதன் பிறகு வந்த அரசாங்கங்களில் பெரும்பாலானவற்றில் அஷ்ரபின் வாரிசுகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் யாராவது ஒருவர் அமைச்சராக இருந்தார்கள். சில அரசாங்கங்களில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். தங்கள் தலைவர் எப்படி இறந்தார் என்ற அறிக்கையை மேசையில் வைக்கச் சொல்லி எவராவது தன் பதவியைப் பணயம் வைத்தாரா? நான் அறியேன். ஆனால் அவருடைய படத்தை வைக்காத சுவரொட்டி ஒன்றையும் இந்தக் கரையோரத்தில் நான் கண்டதில்லை.

அவர் மறைந்து ஓராண்டு நிறைவதற்கு முன்னரே கட்சி இரண்டாயிற்று. ரவூப் ஹக்கீம் ஒரு பக்கம், பேரியல் அஷ்ரப் மறு பக்கம். பின்னர் அதாவுல்லாஹ்வின் தேசிய காங்கிரஸ், ரிஷாத் பதியுதீனின் மக்கள் காங்கிரஸ். 2004இல் சொந்த மரத்தில் ஐந்து ஆசனங்களை வென்ற கட்சியிலிருந்து சில மாதங்களுக்குள் பலர் அரசாங்கப் பக்கம் பாய்ந்தனர். 2010இல் யானையின் முதுகில் ஏறிப் பாராளுமன்றம் சென்றவர்கள் அதே ஆண்டு செப்டெம்பரில் மஹிந்த ராஜபக்ஷவின் 18ஆவது திருத்தத்துக்குக் கையுயர்த்தி, நவம்பரில் அரசாங்கத்திலும் சேர்ந்தனர். நிபந்தனை என்ன? ஒப்பந்தம் எங்கே? 1994இல் கேட்ட கேள்விகள் இவை. 2010இல் கேட்க ஆளில்லை. அஷ்ரப் உடன்படிக்கை எழுதிய பின் அமைச்சரானார். இவர்கள் அமைச்சரான பின் உடன்படிக்கையைத் தேடினார்கள்.

பதவி இருந்தால் பாதுகாப்பு என்பார்கள். பார்ப்போம். 2014 ஜூனில் அளுத்கமையும் பேருவளையும் எரிந்தபோது இந்நாட்டின் நீதியமைச்சர் யார்? முஸ்லிம் காங்கிரஸின் தலைவர். அந்த ஆண்டு டிசம்பர் இறுதி வரை அவர் அந்த அரசாங்கத்தில்தான் இருந்தார். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் கொத்து ரொட்டியில் கருத்தடை மாத்திரை என்ற முட்டாள்தனமான வதந்தியில் பள்ளிவாசல் தாக்கப்பட்டபோதும் எங்களுக்கு அமைச்சர்கள் இருந்தனர். 2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்கும்படி அரசாங்கம் கட்டளையிட்டு, பிறந்து 20 நாட்களேயான சிசுவைக்கூட எரித்தபோது, நீதியமைச்சர் பதவியில் இருந்தவர் ஒரு முஸ்லிம் ஜனாதிபதி சட்டத்தரணி. அவரால் தடுக்க முடியவில்லை. அந்த எரிப்பு நடந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபர் 22இல், கோட்டாபயவுக்கு அளவற்ற அதிகாரம் தந்த 20ஆவது திருத்தத்துக்கு முஸ்லிம் காங்கிரஸின் உறுப்பினர் நால்வர் ஆதரவாக வாக்களித்தனர். தலைவர் மட்டும் எதிர்த்தார். தலைவர் ஒரு பக்கம், கட்சி மறு பக்கம் என்ற இந்த வித்தையை நாடகம் என்று சொன்னால் நாடகக் கலைஞர்கள் கோபிப்பார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து சென்ற கையோடு வந்தது.

ஒலுவில் துறைமுகம் அஷ்ரபின் கனவு என்பார்கள். 2013இல் திறந்தார்கள். கடல் ஊரைத் தின்னத் தொடங்கியது. தென்னைகளும் வள்ளம் இழுத்து வைத்த கரையும் போயின. துறைமுக வாயை மணல் மூடியது. நுரைச்சோலையில் சுனாமியில் வீடிழந்தோருக்கு சவூதி அரேபியா கட்டித் தந்த 500 வீடுகள் வழக்கிலும் இழுபறியிலும் அகப்பட்டு, ஆண்டுக்கணக்கில் காடு மண்டிக் கிடந்தன. அவருடைய பெயரையே சூட்டிய அஷ்ரப் நகரில், 2011இல், குடும்பங்கள் பயிர்செய்து வாழ்ந்த காணியை இராணுவ முகாம் வளைத்துக்கொண்டது. அப்போது முஸ்லிம் காங்கிரஸ் அரசாங்கத்தில் இருந்தது. பெயரைக்கூடக் காப்பாற்றிக் கொடுக்காத அமைச்சுப் பதவிக்கா இத்தனை அழுகை?

இறக்காமத்துக்கு வருகிறேன். 2016 ஒக்டோபர் 29ஆம் திகதி எங்கள் பிரதேச செயலகப் பிரிவின் மாணிக்கமடுவில், மாயக்கல்லி மலையில், ஒரு புத்தர் சிலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். மாணிக்கமடு தமிழ்க் கிராமம். சுற்றிலும் முஸ்லிம்களின் வயற்காணிகள். மலையடியில் விகாரை கட்டக் காணி கேட்டு அடுத்த ஆண்டும் ஆட்கள் வந்தார்கள். புத்தரோடு எங்களுக்குப் பகையில்லை; தீகவாபியின் தாதுகோபம் எங்கள் மூதாதையர் காலத்திலிருந்தே எங்களுக்கு அயல்தான். கேள்வி, சட்டம் எல்லோருக்கும் ஒன்றா என்பது. அப்போது கிழக்கின் முதலமைச்சர் முஸ்லிம் காங்கிரஸ்காரர். மத்தியில் இரு முஸ்லிம் கட்சிகளின் தலைவர்களும் அமைச்சர்கள். திகாமடுல்லவில் காங்கிரஸுக்கு மூன்று பாராளுமன்ற உறுப்பினர்கள், அவர்களில் இருவர் பிரதியமைச்சர்கள். வந்தார்கள், மலையைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், 'பிரதமரோடு பேசியிருக்கிறோம்' என்றார்கள். சிலை இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று தமிழரும் முஸ்லிமுமாக நின்று எதிர்த்தவர்கள் மண்வெட்டி பிடிக்கும் ஏழை விவசாயிகள். அவர்களில் ஒருவருடைய பெயரும் எங்கள் விசேட மலர்களில் வந்ததில்லை.

அமைச்சர் இல்லாவிட்டால் வீதி வருமா, பசளை வருமா, வாய்க்கால் திருத்துவார்களா என்று நண்பர் ஒருவர் இதன் முதற்பிரதியைப் படித்துவிட்டுக் கேட்டார். நியாயமான கேள்வி. இந்நாட்டில் நிதி ஒதுக்கீடு அமைச்சரின் முகம் பார்த்து நடந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கடமை, பசளை கமநல நிலையத்தின் கடமை. அந்தக் கடமையைக் கேட்டு வாங்க ஒரு விவசாய அமைப்பும் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் கேள்வியும் போதும். கேட்பவருக்கு முதுகெலும்பு இருக்க வேண்டும். 2024இல் திகாமடுல்லவில் முஸ்லிம் காங்கிரஸுக்கு ஓர் ஆசனம், மக்கள் காங்கிரஸுக்கு ஓர் ஆசனம். 1988இல் அஷ்ரபிடம் இருந்ததைவிடப் பாராளுமன்றத்தில் இது இரண்டு அதிகம்! இவர்கள் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து மாயக்கல்லியைப் பற்றியும் அஷ்ரப் நகரைப் பற்றியும் ஆணைக்குழு அறிக்கையைப் பற்றியும் விடாமல் கேட்கட்டும். கொடி கட்டிய வாகனம் இல்லாத காலம் இதற்கு மிக வசதியான காலம். இழக்க எதுவும் இல்லை.

அன்று தேநீர்க் கடையில் அந்த இளைஞரிடம் 1988இன் கதையைத்தான் சொன்னேன். வெட்டுப்புள்ளி என்றால் என்னவென்று விளக்கவே பிளேன்டீ ஆறிப்போயிற்று. "அப்ப மந்திரியாகாமலா அதெ எடுத்தாரு?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "இதெ நமக்கு ஒருத்தரும் சொல்லல்லியே காக்கா" என்றார். வெளியே மழை மீண்டும் தூறத் தொடங்கியது. வட்டவிதானை தேடுகிறார் என்று யாரோ வந்து அவரை அழைத்துச் சென்றனர்.

வரும் செப்டெம்பர் மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டால் அந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவேன். விளம்பரம் தருபவர்களைப் பற்றிய பந்தியை நீக்கும்படி ஆசிரியபீடம் கேட்டால், கட்டுரை முழுவதும் இந்தப் பக்கத்தில்தான் வரும்.